வலது முழங்கால் மட்டும், தீபாவளி கழித்து

கேள்வி: எனக்கு வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 17 வருடமாகச் சரவாங்கி இருக்கிறது. ருமட்டாய்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், தினமும் பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். சுகர் வந்து 9 வருடம் ஆகிறது. அதற்கு மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும். போன மாதம் பார்த்த மூன்று மாதச் சராசரி 8.6.

வலது முழங்கால் உள்பக்கமாக வளைந்துவிட்டது. படி இறங்கும்போது கால் நழுவுகிறது. ராத்திரி புரண்டு படுத்தால் வலியில் முழிப்பு வந்துவிடும். இடது கால் சுமார்தான், ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் கைவிரல்கள் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. குக்கர் மூடியைத் திறக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது, தலையணைக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, “எலும்போடு எலும்பு உரசுகிறது, இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம்” என்றார்கள். அதுவரை தாங்கட்டும் என்று வலது மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் மகளுக்குத் தீபாவளியை ஒட்டித்தான் லீவு, அதனால் அப்போதே முடித்துவிடலாம் என்கிறாள். “இத்தனை நோயை வைத்துக்கொண்டு கத்தி வைப்பதா?” என்று என் கணவர் பயப்படுகிறார். ஒரு மாதம் முன்பே சரவாங்கி மாத்திரைகளை நிறுத்தினால்தான் தையல் ஆறும் என்கிறார் நாத்தனார். நான் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில் (வாதநோய் மருத்துவர்): செய்துகொள்ளலாம் அம்மா. ஆனால் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம், இரண்டு காலும் ஒன்றாக வேண்டாம். உங்களை நேரில் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சோதித்துப் பார்த்து இதை மாற்றிச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் உங்கள் கஷ்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். படியில் கால் நழுவுவதும், ராத்திரி புரண்டால் வலிப்பதும், கால் வளைந்ததும் முழங்கால் செய்கிற வேலை. குருத்தெலும்பு போய்விட்ட மூட்டுக்கு மாத்திரையால் அதைத் திருப்பித் தர முடியாது, மாற்று மூட்டுதான் வழி. காலையில் விரல் மடங்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதும், குக்கர் மூடியோடு போராடுவதும் வேறு கணக்கு. அது சரவாங்கி இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அடையாளம். முழங்காலை மாற்றினாலும் அந்த ஒன்றரை மணி நேரம் அப்படியேதான் இருக்கும், களைப்பும் இருக்கும். மூட்டு மாற்றிய பிறகு “எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனே” என்று வருத்தப்படுகிறவர்களில் பலர், ஆபரேஷனுக்கு முன்னால் இந்தப் பிரிவினையை யாரும் சொல்லிக் கொடுக்காதவர்கள். பொதுவாகவே முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்வரை முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டால், வலி நீங்கும் விஷயத்தில் சரவாங்கிக்காரர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்குவதில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இத்தனை நோயோடு கத்தி வைக்கலாமா என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நோய் இருப்பதால் மட்டும் தடை இல்லை, அடங்காமல் இருப்பதுதான் தடை. புது மூட்டில் கிருமி புகுவது பொதுவாக நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ நடக்கும். சரவாங்கியும் சுகரும் சேர்ந்தால் அது கூடும். புகுந்துவிட்டால் லேசில் விடாது. பெரும்பாலும் வைத்த மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, மறுபடி ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். ஆகவே நாம் செய்ய வேண்டியது அந்த ஆபத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு மேசைக்குப் போவது.

குறைக்க முடிந்தவை உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மூன்று மாதச் சராசரி 8.6 என்பது அதிகம். பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் 7.5க்கும் 8க்கும் இடையில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே வந்தால்தான் தேதி கொடுக்கிறார்கள். கோடு எங்கே என்பதில் அவர்களுக்குள் விவாதம் உண்டு. நீங்கள் அதற்கு மேலே இருக்கிறீர்கள் என்பதில் விவாதம் இல்லை. அடுத்தது, மூன்று வாரத்துக்கு முன் போட்ட ஊசி. மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்ட மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் கிருமித் தொற்று கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஊசி ஒன்றே தீபாவளித் தேதியை அடித்துவிடுகிறது. ஆபரேஷன் பேச்சு நடக்கும்போதே அந்த மூட்டில் அதைப் போட்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். போட்டாகிவிட்டது, இனி அங்கே வேண்டாம்.

இப்போது நாத்தனார் சொன்ன யோசனை. இந்தக் கேள்வி கேட்காமல் ஒரு வாரம் எனக்கு ஓடுவதில்லை. பதில்: மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தக் கூடாது. 2001இல் இங்கிலாந்தில் 388 சரவாங்கி நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. எலும்பு ஆபரேஷன் நேரத்தில் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் தொற்று முதலான சிக்கல்கள் வந்தன. நிறுத்தியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து. காரணம் யோசித்தால் புரியும். மருந்தை நிறுத்தினால் நோய் சீறும், எல்லா மூட்டும் வீங்கும். ஆபரேஷன் செய்த காலை மடக்க வேண்டிய அந்த வாரத்தில் எழுந்து உட்காரவே முடியாமல் கிடப்பீர்கள். அமெரிக்க வாதநோய் மருத்துவர்களும் மூட்டு மாற்று அறுவை மருத்துவர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வழிகாட்டியும் மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனமைடு ஆகியவற்றைத் தொடரவே சொல்கிறது. அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகளின் கதை வேறு. அவற்றில் ஒரு தவணையைத் தள்ளிப்போட்டு அந்த இடைவெளியில் ஆபரேஷன் வைப்பார்கள். உங்கள் நோயை அடக்க அப்படி ஒன்றை ஆரம்பிக்க வேண்டிவந்தால், ஆபரேஷன் திட்டத்தையும் அப்போதே உங்கள் வாதநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரெட்னிசலோனை ஒருநாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வருடம் அதை வாங்கிப் பழகிய உடம்பு, தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ஆபரேஷன் மேசையிலேயே ரத்த அழுத்தம் சரியலாம். ஆபரேஷன் அன்று காலையும் அதே 5 மில்லிகிராம் உண்டா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கென்று பெயர் ஒட்டாத பொடியோ உருண்டையோ யாரிடமாவது வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம்.

நிறுத்த வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு, அதை உங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை. டாபாகிளிஃப்ளோசின். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினி கிடக்கும் நேரத்தில் அந்த மருந்து உடம்பில் இருந்தால், சுகர் மீட்டரில் எண் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. அதற்குப் பதிலாக அந்த நாட்களில் எதைக் கொடுப்பது என்பதைச் சுகர் மருத்துவர் முடிவு செய்வார்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன கழுத்துப் பிடிப்புதான் என்னை அதிகம் நிறுத்தியது. 17 வருடச் சரவாங்கியில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம். சும்மா நடமாடும்போது ஒன்றும் தெரியாது. மயக்கம் கொடுத்து, குழாய் போடுவதற்காகத் தலையைப் பின்னால் சாய்க்கும்போது தண்டுவடம் நசுங்க வாய்ப்பு உண்டு. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் வைத்து எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே போதும், சில நூறு ரூபாய்ச் செலவுதான். அதைப் பார்க்காமல் உங்களுக்கு யாரும் மயக்கம் கொடுக்கக் கூடாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்தாலும் எடுத்தாக வேண்டும். நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரலாம். கை மரத்துப்போவது, எழுத்து தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம் என்று ஏதாவது இருந்தால் எக்ஸ்ரேவுக்குத் தீபாவளிவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இரண்டு காலையும் ஒரே தடவையில் செய்வது நம் ஊரில் சகஜம். ஒரே படுக்கை, ஒரே செலவு, ஒரே லீவு என்று வீட்டாருக்கும் வசதி. இதயமும் நுரையீரலும் நன்றாக உள்ள, நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு அது சரியாக வரலாம். உங்களுக்கு ரத்த இழப்பும், இதயத்துக்கு வரும் பளுவும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கும் ஆபத்தும் கூடுதல். அதோடு, இடது கால் சுமார் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஓடுகிற காலை எதற்கு இப்போதே மாற்ற வேண்டும்? வலது கால் நேரானதும் இடது காலின் பளு குறைந்து, அந்தக் கேள்வி சில வருடம் தள்ளிப் போனவர்களும் உண்டு.

இன்னொன்று யாரும் கேட்காதது: ஆபரேஷன் முடிந்த மறுநாள் வாக்கரை எதைக் கொண்டு பிடிப்பீர்கள்? குக்கர் மூடியைத் திருக முடியாத விரல்கள் உடம்பின் பாரத்தை வாக்கர் கம்பியில் இறக்க முடியாது. முன்கையை அப்படியே மேலே வைத்துக்கொள்ளும் மெத்தைத் தட்டு வைத்த வாக்கர் கிடைக்கிறது. பிஸியோதெரபிஸ்டிடம் சொல்லி அதை ஆபரேஷனுக்கு முன்பே வரவழைத்து, கூடத்திலிருந்து கழிப்பறைவரை நடந்து பழகிவிடுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியையும் இன்றே ஆரம்பியுங்கள். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது போதும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் அந்த வேலையும் இந்த மாதங்களுக்குள் முடியட்டும். புது மூட்டோடு தரையில் சம்மணம் போடுவதும் குந்துவதும் ஏறக்குறைய இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் தள்ளலாம்? மூன்று, நான்கு மாதம். அதற்குள் சரவாங்கி மருந்தைக் கூட்டியோ மாற்றியோ காலை விறைப்பைக் குறைக்க வேண்டும், சுகரை இறக்க வேண்டும், பல்லில் சொத்தையோ சிறுநீரில் கிருமியோ ரத்தசோகையோ இருந்தால் சரிசெய்ய வேண்டும். பொங்கல் கழித்து ஒரு தேதி வாங்கலாம். வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தப்பு. வளைவு கூடக் கூட நார்கள் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், எலும்பு கரையும், தொடைத் தசை வற்றும். அப்புறம் செய்கிற ஆபரேஷன் பெரிதாகும், பலன் சிறிதாகும். மகளிடம் லீவை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் தேவைப்படுவது ஆபரேஷன் நாளைவிட, வீட்டுக்கு வந்த பிறகான முதல் இரண்டு வாரத்துக்கு. வலியில் நீங்கள் காலை மடக்க மாட்டேன் என்று அழும்போது, பக்கத்தில் உட்கார்ந்து மடக்க வைக்க ஓர் ஆள் வேண்டும்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் உபகரணங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. பெரும்பாலோருக்குப் பொருத்தும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். “ஸ்பெஷல் மூட்டு” என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், பில்லில் உபகரணத்தின் பெயரையும் விலையையும் தனியாகப் போடச் சொல்லுங்கள். சாதாரண வகையே நன்றாக உழைக்கும். 2019இல் லான்செட் இதழில் வந்த கணக்குப்படி, நூறு செயற்கை முழங்கால்களில் சுமார் 82 இருபத்தைந்து வருடம் தாங்குகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, புது மூட்டு வந்த பிறகு உங்கள் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். சுகர் இருக்கும் காலில் சின்னப் புண் வந்தாலும் அதிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி, பல வருடம் கழித்துக்கூடச் செயற்கை மூட்டில் போய் உட்காரும். ஆணி இருந்தால் பிளேடு எடுத்துச் சீவாதீர்கள். முழங்கால் திடீரென்று சுட்டு வீங்கினால், சரவாங்கி சீறுகிறது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளாமல், ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அன்றே போங்கள்.