பாட்டு சோறு போடுமா? ஏலாக்குறிச்சியிலிருந்து ஐந்து வழிகள்

ஏலாக்குறிச்சியில் குரல் வளம் உள்ள பிள்ளைக்கு முதல் மேடை பெரும்பாலும் அடைக்கல மாதா கோயில் பாடற்குழுதான். இல்லாவிட்டால் பள்ளி ஆண்டுவிழா. வீரமாமுனிவர் தங்கியிருந்து ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடிய ஊர் இது. பாட்டு கேட்க யாருக்கும் இங்கே கசக்காது. பிளஸ் டூ முடித்த பிள்ளை “நான் பாடகராகப் போகிறேன்” என்று சொன்னால்தான் வீட்டில் கேள்வி எழுகிறது: பாட்டு சோறு போடுமா?

போடும். ஆனால் வருஷத்தில் எத்தனை மாதம் போடும் என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம்.

கொள்ளிடக் கரையிலிருந்து புறப்படும் இளைஞருக்கு ஐந்து வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எங்கே எதைக் கற்கலாம், காசு யார் தருவார்கள், எந்த மாதத்தில் கை காயும் என்ற மூன்றையும் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் குறையும்.

அரசு இசைப்பள்ளியும் இசைக் கல்லூரியும்

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் ஒன்று பெரம்பலூரில் இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைச் சொல்லித் தருகிறார்கள், மூன்றாண்டுப் படிப்பு. உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாதவருக்கும் இடம் கிடைக்கும். கட்டணம் பெயரளவுக்குத்தான். குறை என்றால் தூரம். ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் போய் பஸ் மாறி, தினமும் பெரம்பலூர் சென்று திரும்புவது உடம்பை வாங்கிவிடும். அங்கே தங்க இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

மேற்கொண்டு படிக்கத் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. திருமானூருக்கு வந்து தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்துக் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் போதும். பெரம்பலூரை விட இது பக்கம்.

இந்த வழியில் வரும் வேலைகள் இசை ஆசிரியர், வீட்டு வகுப்பு, கோயில் ஓதுவார். 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் இளம்பெண் ஒருவர் ஓதுவாராக நியமிக்கப்பட்டது செய்தியானது. தேவாரப் பிரிவை ‘நமக்கு எதற்கு’ என்று ஒதுக்கும் பிள்ளைகள் அந்தச் செய்தியை நினைத்துப் பார்க்கலாம். பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் கிடைத்துவிட்டால் பன்னிரண்டு மாதமும் சம்பளம்.

கலைக்காவிரி

திருச்சியில் 1977இல் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தொடங்கிய நிறுவனம் இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரி. கர்நாடக இசையும் பரதமும் ஒரே வளாகத்தில் இருப்பது இதன் பலம். பாடிக்கொண்டே மேடையில் நடமாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு உடம்பும் குரலும் சேர்ந்து பழகும். மாதா கோயிலில் பாடி வளர்ந்தவருக்கு அன்னியமாகவும் இருக்காது. அரசுக் கல்லூரியோடு ஒப்பிட்டால் செலவு கூடும். சேருமுன் கட்டணம், விடுதி, உதவித்தொகை மூன்றையும் நேரில் விசாரிக்க வேண்டும்.

இசை நாடகம்

பாட்டும் நடிப்பும் ஒன்றாகவே பிழைப்பாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் இன்றும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர்.

இதன் நடைமுறை வெளியாளை மிரள வைக்கும். நிலையான கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்ற நாயகனை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் என்ற நாயகியை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, தேதியை டைரியில் குறித்துக்கொள்கிறார்கள். வேஷம் கட்டும் இடத்தில்தான் பல சமயம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இரவு பத்து மணி வாக்கில் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடிப்பார். பபூன் என்ற கோமாளியும் ‘டான்ஸ்’ என்ற ஆட்டக்காரியும் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு வள்ளியும் வேலனும் பாட்டாலும் வசனத்தாலும் தர்க்கம் செய்யத் தொடங்கினால் மணிக்கணக்கில் நீளும். பாடல்கள் சுவாமிகளுடையவை, இடையில் வரும் பேச்சு அவரவர் சாமர்த்தியம். எதிராளி எந்தக் கேள்வியைப் போடுவார் என்று தெரியாது. பாடத் தெரிந்து, பதில் சொல்லத் திணறினால் அந்த ஊரிலிருந்து அடுத்த வருஷம் அழைப்பு வராது.

கற்றுக்கொள்ள வாத்தியாரைத் தேடிப் போக வேண்டும். கலைஞர்களைப் பேசி முடிக்க அந்தந்த ஊரில் நடிகர் சங்கங்கள் உண்டு. வருமானம் திருவிழாக் காலத்தில், பங்குனியை ஒட்டித் தொடங்கி ஆடி, ஆவணி வரை குவியும். மழை மாதங்களில் கை காயும். தொண்டைக்கும் தூக்கத்துக்கும் சேதம் அதிகம்.

பெண்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களோடு பழகி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். இரவில் மேடையேறி ஊர் ஊராகப் போகும் நடிகைகள் மீது ஊர் வைக்கும் பழியையும், அதைச் சமாளிக்க அவர்கள் கைக்கொள்ளும் வழிகளையும் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைத் தமிழ்நாடே கொண்டாடியது. அவர் வந்த அதே இசை நாடக மேடையில் இன்று நிற்கிற பெண்ணுக்கு அந்த மரியாதை தானாகக் கிடைப்பதில்லை. இந்த வழிக்கு வீட்டு ஆதரவு முதல் தேவை.

நாடகப் பட்டம்

1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கும் இசைக்கும் துறைகள் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே தாங்கியது. அதை உருவாக்கியவர் இந்திரா பார்த்தசாரதி. இன்னும் தூரம் போகத் துணிந்தால் டெல்லியில், 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி. இங்கெல்லாம் நடிப்பு, இயக்கம், ஒளியமைப்பு, நாடக வரலாறு கிடைக்கும். குரலை மட்டும் தீட்ட வேண்டுமென்றால் இவை சரியான இடமில்லை. நாடகம் இயக்கவும், கல்லூரியில் கற்பிக்கவும், சினிமாவுக்குப் போகவும் நினைக்கிறவருக்குப் பொருந்தும்.

மெல்லிசை மேடையும் டிவியும்

சீக்கிரம் காசு பார்க்கும் வழி உள்ளூர் ஆர்கெஸ்ட்ரா. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று மேடைகள் உண்டு. கைக்கு வரும் தொகை குழுவின் பேரைப் பொறுத்தது. பருவம் இதற்கும் உண்டு. மார்கழியில் கல்யாண மேடை இல்லை.

டிவி போட்டியை இதோடு சேர்த்துக் கனவு காண்பவர்கள் புதுக்கோட்டை செந்தில் கணேஷைச் சொல்வார்கள். அவர் 2018இல் சூப்பர் சிங்கர் பட்டம் வென்றது உண்மை. அதற்கு முன்னால் பல வருஷம் கிராமிய மேடைகளில் பாடியே வந்தவர் என்பதும் உண்மை. டிவி அவரை ஊருக்குக் காட்டியது, பாடகராக்கியது மேடை.

எதைத் தேர்வது?

வீட்டில் வருமானம் உடனே வேண்டுமென்றால் ஆர்கெஸ்ட்ராவில் சேரலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நிரந்தர வேலைதான் குறி என்றால் திருவையாறு. பாட்டோடு ஆட்டமும் வேண்டுமென்றால் கலைக்காவிரி. இயக்குநர் கனவுக்குத் தஞ்சையோ புதுவையோ. பாடி நடிப்பதே உயிர் என்கிறவருக்கு இசை நாடகம்.

ஐந்தில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக எஃப்.ஜி. நடேச அய்யரின் நாடக சபாவில் லோகிதாசனாக நடித்தார். முறையாகக் கர்நாடக இசையும் கற்றார். மேடையில் பேர் வாங்கித் தந்த பவளக்கொடிதான் 1934இல் அவரைச் சினிமாவுக்கும் கொண்டுபோனது. பயிற்சியும் மேடையும் ஒரே காலத்தில் நடந்தன.

ஏலாக்குறிச்சிப் பிள்ளைக்கும் அதுவே நல்ல கணக்கு. பகலில் திருவையாற்றில் படிப்பு, திருவிழா மாதங்களில் மேடை, மழைக்காலத்தில் வீட்டு வகுப்பு. நாடகம், கிராமியக் கலைப் பக்கம் போகிறவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் தாமதிக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். விண்ணப்பம் வாங்கும் முன், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வள்ளி திருமணத்தை விடியும் வரை உட்கார்ந்து பாருங்கள். திருவையாற்றுக் கல்லூரிக்கும் ஒருமுறை போய், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். இரண்டையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.