ஆல்பா 0.89 வந்தால் போதுமா?

கேள்வி: வாய்நலமும் வாழ்க்கைத் தரமும் பற்றிய ஓ.எச்.ஐ.பி-14 வினாத்தாளைத் தமிழாக்கி, எங்கள் கல்லூரி ஓ.பி.க்கு வரும் முதியவர்களிடம் நானே வாசித்துக் கேட்டுப் பதில் வாங்கினேன். கிரான்பாக் ஆல்பா 0.89 வந்திருக்கிறது. தமிழ் வினாத்தாள் ஏற்புடையது என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா?
– எம்.டி.எஸ். மாணவி, மதுரை

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம், அம்மா. 0.7ஐத் தாண்டினாலே ஏற்பது வழக்கம், 0.89 நல்ல எண்தான். ஆனால் 14 கேள்விகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அது காட்டும். அவை வாய்நலத்தைத்தான் அளக்கின்றனவா என்பது அதிலிருந்து தெரியாது.

1994இல் ஆஸ்திரேலியாவில் உருவான 49 கேள்விகளை ஸ்லேட் என்ற ஆய்வாளர் 1997இல் 14ஆகச் சுருக்கினார். ஒவ்வொரு கேள்வியிலும் 'பல், வாய் அல்லது பல்செட் பிரச்சினையால்' என்ற தொடர் வருகிறது. ஓ.பி. கூட்டத்தில் நின்றுகொண்டு இதை 14 முறை வாசிப்பவருக்கு ஆறாவது கேள்வியிலேயே அலுப்புத் தட்டும், தொடர் நழுவிவிடும். 'வாழ்க்கையில் திருப்தி குறைஞ்ச மாதிரி இருந்துச்சா?' என்பதுதான் பாட்டியின் காதில் விழும். 'என்னத்த திருப்தி, போம்மா' என்பார். முழங்கால் வலியையும் பேசாமல் போன மகனையும் நினைத்துச் சொன்ன பதிலுக்கு நீங்கள் 'மிக அடிக்கடி' என்று 4 போடுவீர்கள். மற்ற கேள்விகளுக்கும் அதே மனக்குறை பதிலாக வந்தால் ஆல்பா குறையாது, ஏறும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஆகவே முதலில் முப்பது நாற்பது பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பின், 'நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க', 'எதை நினைச்சு அப்படிச் சொன்னீங்க' என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வினாத்தாளில் வரும் 'கடந்த 12 மாதங்களில்' என்பதும் பலருக்குப் பிடிபடாது. 'போன தீபாவளியிலிருந்து' என்று கேட்டால் புரியும்; ஆனால் ஜனவரியில் பதில் சொன்னவருக்கும் ஆகஸ்டில் சொன்னவருக்கும் காலம் வேறாகிவிடும். 'போன வருஷம் இதே மாசத்திலிருந்து' என்பதே சரி.

மொழிபெயர்ப்பில் இருவர் தனித்தனியே தமிழாக்கினார்களா, மூலத்தைப் பார்க்காதவர்கள் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார்களா என்பதையும் சரிபாருங்கள். தமிழாக்கியவர்களில் ஒருவராவது பல் மருத்துவர் அல்லாதவராக இருப்பது நல்லது.

பிறகு, இடையில் சிகிச்சை எடுக்காத சிலரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மதிப்பெண் பெரிதாக மாறக் கூடாது. 'மொத்தத்தில் உங்க வாய் எப்படி இருக்கு?' என்ற தனிக் கேள்வியையும் சேருங்கள். 'மோசம்' என்பவர்களின் மதிப்பெண் 'நல்லா இருக்கு' என்பவர்களுடையதைவிடக் கூட வேண்டும். கூடவில்லை என்றால் வினாத்தாளில்தான் கோளாறு. சொத்தைப் பல் எண்ணிக்கையோடு தொடர்பு குறைவாக வந்தால் பதற வேண்டாம். ஒரு பக்கமாகவே மென்று பழகியவர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. மற்ற மொழிகளிலும் இந்தத் தொடர்பு பெரும்பாலும் பலவீனமாகத்தான் இருக்கிறது.

ஓ.பி.க்கு வருபவர்கள் எல்லோரும் ஏதோ தொந்தரவோடு வந்தவர்கள். தொந்தரவு இல்லாதவர்களின் பதிலும் வேண்டும் என்பதால், துணைக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடியும்வரை ஆய்வேட்டில் 'உள் ஒத்திசைவு நன்று' என்று மட்டும் எழுதுங்கள். நேரம் போதாது என்றால் உங்கள் கைடிடம் அவகாசம் கேளுங்கள். நாளை இந்தத் தமிழ் வடிவத்தை நம்பி வேறு கல்லூரிகளும் எடுத்தாளும்.