வீட்டில் ஆக்சிஜன்: இயந்திரம், எண், அளவு



சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் அலைபேசியில் அழைத்தார். அவருடைய அத்தாவுக்குப் பல ஆண்டுகளாக நுரையீரல் அடைப்பு நோய். வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கிறார்கள். "சாயந்திரம் விரல்ல வச்சுப் பார்த்தேன், 89 காட்டுச்சு. பயந்துபோய், ரெண்டுல இருந்ததை அஞ்சுக்கு ஏத்திட்டேன். இப்ப 98 வந்துடுச்சு. ஆனா அத்தா தூங்கிக்கிட்டே இருக்காங்க. எழுப்பினா ஏதேதோ பேசுறாங்க" என்றார்.

98 வந்துவிட்டதை அவர் நல்ல செய்தியாகச் சொன்னார். உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த 98தான். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவர்கள், ஆக்சிஜனைக் குறைத்து, முகக்கவசம் வழியாக மூச்சுக்கு உதவி செய்தார்கள். சில நாட்களில் பெரியவர் நலமாக வீடு திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மகன் செய்ததைத்தான் நம்மில் பெரும்பாலோர் செய்திருப்போம். மூச்சு வாங்கினால் ஆக்சிஜனைக் கூட்டு, எண் ஏறினால் நிம்மதி என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பல ஊர்களில் ஜமாஅத்துகளும் நல அமைப்புகளும் இந்த இயந்திரங்களை வாங்கி இரவல் கொடுத்தன. அவற்றில் பல இன்றும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த இதழில் மூன்று விஷயங்களைப் படிப்போம்: இயந்திரம் ஆக்சிஜனை எப்படித் தருகிறது, விரலில் மாட்டும் கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம், எவ்வளவு ஆக்சிஜன் போதும் என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன.

இயந்திரத்துக்குள் இருக்கும் கல்

ஆக்சிஜன் செறிவூட்டி புதிதாக ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் இருக்கின்றன. நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திவிட்டு ஆக்சிஜனை மட்டும் வெளியே விடுவதுதான் இயந்திரத்தின் வேலை. பிடித்து நிறுத்துவது ஜியோலைட் என்னும் பொருள். இயற்கையில் கிடைக்கும் இந்தக் கல்லுக்கு 1756இல் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் பெயரிட்டார். சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி நுரைப்பதால், 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அந்தப் பெயரை அமைத்தார். இன்று இயந்திரங்களில் இருப்பது ஆலையில் செய்த ஜியோலைட் மணிகள்.

இந்த மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. சல்லடை போல, பெரிய மூலக்கூறை நிறுத்திச் சிறியதை விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேறுபாடு மின் ஈர்ப்பில் இருக்கிறது. துளைகளின் சுவரில் சோடியம் அல்லது லித்தியம் அயனிகள் உள்ளன. அவற்றின் மின்னேற்றம் ஆக்சிஜனைவிட நைட்ரஜனை வலுவாக இழுக்கிறது. அழுத்தம் கொடுத்துக் காற்றைச் செலுத்தினால் நைட்ரஜன் ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜன் கடந்து வருகிறது. அழுத்தத்தை விட்டால் நைட்ரஜன் வெளியேறி, மணிகள் மறுபடி தயாராகின்றன. இரண்டு உருளைகள் மாறி மாறி இதைச் செய்கின்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை 'புஸ்' என்று கேட்கும் ஓசை இதனால் வருவதே.

இப்படி நுண்துளைகள் உள்ள பொருள்களைப் பற்றிய ஆய்வு இன்றும் வளர்கிறது. 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, உலோக அயனிகளையும் கரிமச் சேர்மங்களையும் இணைத்துத் துளைகள் நிறைந்த சட்டகங்களை உருவாக்கிய சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்குக் கிடைத்தது. ஜோர்டானின் அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர் யாகி. பாலைவனக் காற்றிலிருந்து நீரைப் பிடிக்க இத்தகைய பொருளை அவருடைய குழு பயன்படுத்திக் காட்டியது. நம் வீட்டு இயந்திரத்தில் இருப்பது அவர்களுக்கு முந்தைய ஜியோலைட்தான் என்றாலும், துளைக்குள் எந்த மூலக்கூறு ஒட்டும், எது ஒட்டாது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

ஓடினால் போதாது

ஜியோலைட் நைட்ரஜனைவிட நீராவியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஏறிய மணிகள் நைட்ரஜனைப் பிடிக்கும் திறனை இழக்கும். ஆகவே, 2021இல் வாங்கி, ஈரப்பதமான அறையில் ஆண்டுக்கணக்கில் மூடி வைத்த இயந்திரம் சுவிட்சைப் போட்டதும் ஓடும், ஓசை வரும், குழாயில் காற்றும் வரும். ஆனால் அந்தக் காற்றில் போதிய ஆக்சிஜன் இல்லாமல் போகலாம்.

இயந்திரத்தின் முன்பக்கக் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் சிறு குண்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். அதில் எவ்வளவு ஆக்சிஜன் என்பதைக் காட்டாது. நல்ல நிலையில் உள்ள இயந்திரம் சுமார் 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான ஆக்சிஜனைத் தரும். 82 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. இதை அளக்க ஆக்சிஜன் அனலைசர் என்ற தனிக் கருவி இருக்கிறது. இயந்திரத்தை இரவல் கொடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டு சோதித்து, தேதியுடன் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர்கள் தயங்காமல் அதைக் கேட்க வேண்டும். இயந்திரத்தில் ஆக்சிஜன் குறைவைக் காட்டும் விளக்கு இருந்தால் அது எது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விரலில் மாட்டும் கருவி

பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1970களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. கொரோனா பரவி, உலகமே இந்தக் கருவியைத் தேடத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

கருவி இரண்டு ஒளிகளை விரல் வழியாகச் செலுத்துகிறது. ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏற்றிய இரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இழந்த இரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மாறும் அளவை மட்டும் பிரித்தெடுத்து, கருவி ஒரு விழுக்காட்டைக் கணக்கிடுகிறது. நேரடியாக அளந்த எண் அன்று அது. ஒளியை வைத்துப் போட்ட கணக்கு.

தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. அதாவது, கருவி 'பரவாயில்லை' என்று சொன்னபோது ஆபத்தில் இருந்தவர்கள் கருந்தோல் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்தக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் காரணம் தோலின் நிறமி என்பதால், மாநிறமும் கருநிறமும் உள்ள நாம் இதை அறிந்திருக்க வேண்டும். கருவி 90 காட்டினால் உண்மை அளவு 86 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் அறிவித்தது.

ஆகவே பார்க்கும் முறை முக்கியம். நோயாளி உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் ஒளியை மறைக்கலாம். அவை இல்லாத விரலைத் தேர்ந்தெடுங்கள். எண் நிலைபெற ஒரு நிமிடம் காத்திருங்கள். ஒரே கருவி, ஒரே விரல் என்று வைத்துக்கொண்டு தினமும் குறித்து வந்தால், ஒரு நாளின் எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெளிவாகத் தெரியும். உதடு நீலமாவது, பேச முடியாமல் மூச்சு வாங்குவது, குழப்பம் ஆகியவை இருந்தால் கருவி என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எவ்வளவு போதும்?

வீட்டு ஆக்சிஜன் உயிரைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று உண்டு. 1981இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த 87 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் ஐந்து ஆண்டுகளில் 19 பேர் இறந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள்.

ஆனால், எல்லாருக்கும் வேண்டியதில்லை. 2016இல் அமெரிக்காவில் 738 பேரிடம் நடந்த ஆய்வில், ஆக்சிஜன் ஓரளவு மட்டுமே குறைந்திருந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் ஆயுளோ மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் காலமோ கூடவில்லை.

மிகையானால் தீங்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. மூச்சுத் திணறலோடு ஆம்புலன்சில் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 88 முதல் 92 வரை இருக்கும்படி அளந்து கொடுத்தார்கள். அதிகமாகப் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினரும் அளந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரும் இறந்தார்கள். நுரையீரல் அடைப்பு நோய் முற்றிய சிலருக்கு, ஆக்சிஜன் மிகுந்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். தலைவலி, தூக்கக் கலக்கம், உளறல் என்று அது வெளிப்படும். நம் சகோதரரின் அத்தாவுக்கு நேர்ந்தது இதுதான். அவருக்கு 89 போதுமான அளவாக இருந்தது, 98 மிகையாகிவிட்டது.

இன்னொரு நல்ல செய்தி 2024இல் சுவீடனிலிருந்து வந்தது. வீட்டு ஆக்சிஜன் தொடங்கிய 241 பேரில் பாதிப் பேருக்கு நாள் முழுவதும் 24 மணி நேரமும், மீதிப் பேருக்கு 15 மணி நேரமும் பரிந்துரைத்தார்கள். ஓராண்டில் மரணத்திலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வேறுபாடு தெரியவில்லை. மருத்துவர் சம்மதித்தால், பெரியவர்கள் சில மணி நேரம் குழாயைக் கழற்றிவிட்டுக் குளிக்கலாம், குடும்பத்தோடு சாப்பிடலாம், பள்ளிவாசலுக்கும் போய் வரலாம். வருடக்கணக்கில் கட்டிலோடு கட்டுண்டவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

வீட்டில் கடைப்பிடிக்க

1. உங்கள் நோயாளிக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை இயந்திரத்தின் மேலேயே ஒட்டுங்கள்.

2. நோயாளி தூங்கி வழிந்தால், உளறினால், ஆக்சிஜனைத் திடீரென நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

3. ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, சிகரெட், ஊதுபத்தி, சாம்பிராணி, அடுப்பு எதுவும் வேண்டாம். சிறு பொறியும் பெருந்தீயாகும்.

4. ஈரப்பதப் பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றித் தினமும் மாற்றுங்கள். காற்று வடிகட்டியைத் தூசி நீக்கிச் சுத்தமாக வையுங்கள்.

5. மின்தடைக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். சிறு சிலிண்டர் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

குடும்பமாகப் பேச

• நம் வீட்டு இயந்திரத்தின் ஆக்சிஜன் தூய்மை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

• நம் பெரியவருக்கு மருத்துவர் சொன்ன எல்லை எது? வீட்டில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

• இரவில் தனியாக இருக்கும் உம்மாவுக்கோ நன்னிக்கோ அளவைக் குறைக்கவும் 108ஐ அழைக்கவும் தெரியுமா?

மாத்திரையை யாரும் "ரெண்டு கூடப் போட்டா சீக்கிரம் குணமாகும்" என்று விழுங்குவதில்லை. ஆக்சிஜனும் மருந்துதான். அதற்கும் அளவு உண்டு. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, வீட்டில் இயந்திரம் வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள். மூச்சுக்குத் தவிக்கும் அனைவருக்கும் அல்லாஹ் எளிதாக்குவானாக.