மர்மோத்: ஒரு விலங்கின் பெயரும் மூன்று மொழி வகுப்புகளும்

புதுச்சேரியில் ஒரே மாணவரின் பையில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிப் புத்தகங்களும் இருப்பதுண்டு. ஒரு மொழியில் கற்ற சொல்லை மற்ற இரண்டிலும் பொருத்திப் பார்ப்பது அம்மாணவரின் இயல்பு. அவ்வாறு பொருத்தும்போது ஏற்படும் குழப்பங்களை விளக்க, ஆல்ப்ஸ் மலையில் வாழும் ஒரு கொறிக்கும் விலங்கின் பெயர் நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சில் அது 'மர்மோத்', ஆங்கிலத்தில் 'மார்மட்'.

விலங்கை அறிதல்

பெயரைக் கற்பிக்கும் முன் விலங்கைக் காட்டிவிட வேண்டும். மர்மோத், அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. பூனை அளவுக்குப் பருத்த உடல், குட்டையான கால்கள், அடர்ந்த மயிர் கொண்டது. மரம் ஏறி வாழ்வதில்லை. மலைப் புல்வெளியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். ஆபத்து வந்தால் சீழ்க்கை போன்ற ஒலி எழுப்பித் தன் கூட்டத்தை எச்சரிக்கும். ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வளைக்குள் குளிர்கால உறக்கத்தில் கிடக்கும். இதன் இனங்களுள் ஒன்றான இமயமலை மார்மட் நம் நாட்டில் லடாக், சிக்கிம் போன்ற உயரமான பகுதிகளில் வாழ்கிறது. ஆகவே இது முற்றிலும் அயல்நாட்டு விலங்கு அன்று. தமிழ் நிலத்தில் இல்லாத விலங்கு, அவ்வளவே.

பெயரின் பொருள்

'மர்மோத்' என்ற சொல்லின் பிறப்புக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 'மலை எலி' என்று பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து வந்தது என்பது ஒன்று. முணுமுணுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையோடு தொடர்புடையது என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தைக் கேட்ட மாணவர், 'மலை எலி' என்றே தமிழில் எழுதிவிடலாமே என்று எண்ணக்கூடும். ஆனால் எலி என்றதும் படிப்பவர் மனத்தில் வருவது வேறு உருவம்.

குடும்பப் பெயரைக் கொண்டு 'மலை அணில்' என்று எழுதினாலும் சிக்கல்தான். அந்தப் பெயருக்குரிய விலங்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் தாவும் பெரிய அணில்களை அப்படித்தான் அழைக்கிறோம். அவற்றுள் சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயமே அமைக்கப்பட்டது. மரத்தில் வாழும் விலங்கின் பெயரை வளையில் வாழும் விலங்குக்குச் சூட்டினால், அறிவியல் விடைத்தாளில் வாழிடமே மாறிவிடும். எனவே அறிவியல் பாடத்தில் 'மார்மட் என்னும் வளைவாழ் அணிலினம்' என ஒலிபெயர்ப்போடு சிறு விளக்கமும் சேர்த்து எழுதச் சொல்வது பொருத்தம்.

எழுத்து ஒன்று, பொருள் வேறு

பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே ஓர் எச்சரிக்கை தர வேண்டும். ஆங்கில 'மார்மட்' எந்த எழுத்துகளால் எழுதப்படுகிறதோ, அதே எழுத்துகளால் பிரெஞ்சிலும் ஒரு சொல் உண்டு. அதை 'மர்மோ' என்று ஒலிக்க வேண்டும். இறுதி மெய் ஒலிக்காது. பேச்சு வழக்கில் அதன் பொருள் சிறு பிள்ளை, நம் வழக்கில் 'வாண்டு'. விலங்கைக் குறிக்கும் 'மர்மோத்' பெண்பாற்சொல். ஆண் விலங்கைக் குறிக்கும்போதும் அது பெண்பாலாகவே நிற்கும். தமிழில் விலங்குகள் அஃறிணை என்பதால் நம் மாணவர்களுக்கு இது புதிது. இலக்கணப்பால் வேறு, உயிரின் பால் வேறு என்று விளக்க இதுவே தக்க இடம்.

மரபுத்தொடரில் வரும்போது

'எல் தோர் கொம் உய்ன் மர்மோத்' என்பது பிரெஞ்சு மரபுத்தொடர். ஆழ்ந்து தூங்குகிறாள் என்பது கருத்து. இதை 'மர்மோத் போலத் தூங்குகிறாள்' என்று தமிழாக்கினால், கேட்பவருக்கு எதுவும் புலப்படாது. 'கும்பகர்ணத் தூக்கம் தூங்குகிறாள்' என்று எழுதும் மாணவருக்கே முழு மதிப்பெண் தரலாம். கும்பகர்ணனுக்கும் கதைப்படி ஆறு மாதத் தூக்கம்தான் என்று சொன்னால் வகுப்பு கலகலப்பாகும். அறிவியல் பாடத்தில் காப்பாற்ற வேண்டிய பெயரை மரபுத்தொடரில் விட்டுவிடலாம். அங்கே விலங்கைவிடத் தூக்கமே முக்கியம்.

பெயர் பிறழ்ந்தால்

கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்தியாவில் நரியைவிடப் பெரிய எறும்புகள் பொன்மணலைத் தோண்டுவதாக எழுதினார். சிந்து நதியின் மேற்பகுதியிலுள்ள தேவ்சாய் பீடபூமியில் மார்மட்டுகள் வளை தோண்டி வெளியே தள்ளும் மண்ணில் பொன்துகள் இருந்ததையே அக்கதை குறிக்கிறது என்பது பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் பெஸ்ஸெலின் கருத்து. பாரசீக மொழியில் மார்மட்டுக்கு வழங்கிய பெயர் 'மலை எறும்பு' என்று பொருள்பட்டதால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்றார் அவர். இக்கருத்து சரியானால், ஒரு பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் ஒரு விலங்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எறும்பாகவே அறியப்பட்டது என்றாகும்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். ஒவ்வொரு குழுவும் மார்மட், மலை அணில், பெருச்சாளி, கீரி ஆகிய நான்கு விலங்குகளின் வாழிடம், உணவு, குடும்பம், மூன்று மொழிப் பெயர்கள் ஆகியவற்றைப் பட்டியலிடட்டும். பெருச்சாளியின் ஆங்கிலப் பெயரான 'பேண்டிகூட்', 'பன்றி எலி' என்னும் பொருளுடைய 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. அதே பெயர் ஆஸ்திரேலியாவில் வயிற்றுப்பையுடைய வேறொரு விலங்குக்கும் வழங்குகிறது. இதைக் கண்டுபிடிக்கும் குழுவைப் பாராட்டலாம். இறுதியாக, ஒவ்வொரு பெயரையும் அறிவியல் விடையில் ஒரு முறையும் கதையில் ஒரு முறையும் எழுதச் சொல்லுங்கள். எங்கே பெயரை அப்படியே வைத்தார்கள், எங்கே மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று மாணவர்களே காரணம் கூறட்டும். மதிப்பீட்டில் அந்தக் காரணத்துக்கும் தனியே மதிப்பெண் ஒதுக்குங்கள்.