செவ்வாய்க்கு ரோவர் போதாதா?

கேள்வி: செவ்வாயில்தான் ரோவர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவே, உயிரைப் பணயம் வைத்து மனிதர்கள் எதற்குப் போக வேண்டும்? அங்கே குடியேறுவதெல்லாம் நடக்கிற காரியமா?
(கல்லூரி மாணவி, உடுமலைப்பேட்டை)

பதில்: போகத்தான் வேண்டும். ரோவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆப்பர்ச்சூனிட்டி 2004 முதல் 2018 வரை உழைத்து 45 கிலோமீட்டர் ஊர்ந்தது. ஆனால் 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் இருவர் நிலவில் மூன்றே நாளில் சுமார் 35 கிலோமீட்டர் வண்டியோட்டினார்கள்.

தூரம்கூடப் பெரிதில்லை. அந்த இருவரில் ஹாரிசன் ஷ்மிட் நிலவியலாளர். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் பூட்ஸ் கிளறிய மண் ஆரஞ்சு நிறமாக இருப்பதைக் கவனித்தார். நேரம் நெருக்கியது. ஆனாலும் அங்கேயே குழி வெட்டி, குழாயை அடித்து இறக்கி, மண்ணை எடுத்துவிட்டார்கள். 350 கோடி ஆண்டுகளுக்கும் முன் எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள் அவை. பல பத்தாண்டுகள் கழித்து அவற்றுக்குள் நீர் இருந்தது தெரியவந்தபோது, நிலவின் உட்புறம் வறண்டது என்ற பழைய கருத்தே ஆட்டம் கண்டது.

செவ்வாயில் நடந்ததைப் பாருங்கள். 2018இல் இறங்கிய இன்சைட் கலத்தில், தன்னைத்தானே அடித்துக்கொண்டு 5 மீட்டர் ஆழம் இறங்கவேண்டிய கருவி ஒன்று இருந்தது. மண் பிடிமானம் தரவில்லை. இயந்திரக் கையால் பக்கவாட்டில் அழுத்தினார்கள், தலையில் அழுத்தினார்கள். கட்டளை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு போராடி, 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். கடப்பாரையோடு ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது. செவ்வாயில் உயிர் இருந்ததா என்பதையும் கதிர்வீச்சு எட்டாத ஆழத்தில்தான் தேடவேண்டும்.

குடியேற்றம் வேறு கணக்கு. பெர்சிவரன்ஸ் ரோவரில் போன மாக்ஸி கருவி செவ்வாயின் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது, மொத்தம் 122 கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கே 800 கிராமுக்கு மேல் வேண்டும். ஈர்ப்போ இங்கிருப்பதில் 38 சதவீதம். அதில் குழந்தைகள் எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது. பூமி கெட்டால் அங்கே போய்விடலாம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. முதலில் வேண்டியது, அண்டார்க்டிகாவில் இருப்பதுபோல் ஆட்கள் மாறி மாறித் தங்கும் ஆய்வு நிலையம். நம் கிருமிகள் அங்கே பரவாதபடி இடம் பார்த்து அமைக்கவேண்டும்.

முதல் குழுவிலேயே ஒரு நிலவியலாளர் இருக்கவேண்டும் என்பதை இப்போதிருந்தே வலியுறுத்தவேண்டும். நிலவில் நடந்த 12 பேரில் ஷ்மிட் ஒருவர்தான் விஞ்ஞானி. அவருக்கும் கடைசிப் பயணத்தில்தான் இடம் கிடைத்தது.