ஒரு பலகையில் இருவர் எழுத்து

ஒரே கணிப்பொறியைப் பல நிறுவனங்கள் வாடகைக்குப் பகிர்ந்துகொள்வது இன்று இயல்பாகிவிட்டது. மருத்துவமனையின் நோயாளர் பதிவேடும் முன்பின் அறியாத ஒருவரின் நிரலும் ஒரே செயலியின்மீது இயங்கக்கூடும். இவற்றை வெவ்வேறு மெய்நிகர் கணிப்பொறிகளாகப் பகுத்து, ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகாவண்ணம் காப்பது 'ஹைப்பர்வைசர்' என்னும் மென்பொருள். அக்காவல் தளர்ந்த ஒரு நேர்வினை ஈண்டுக் காண்போம்.

2018 ஆகஸ்ட் 14ஆம் நாள், இன்டெல் செயலிகள் பலவற்றில் உள்ள 'எல்1டிஎஃப்' என்னும் குறை வெளியிடப்பட்டது. விரைவு கருதிச் செயலி, ஒரு செயலுக்கு இசைவு உண்டா என்பது உறுதியாகுமுன்பே ஊகத்தால் அதனைத் தொடங்கிவிடுகிறது. 'இப்பக்கம் நினைவகத்தில் இல்லை' என்று பக்க அட்டவணை குறித்திருந்தும், அவ்விடத்து எழுதியுள்ள முகவரியை நம்பி எல்1 கேஷில் தேடுகிறது. மெய்நிகர் கணிப்பொறியோ தன் அட்டவணையில் தான் விரும்பிய முகவரியை எழுதிக்கொள்ளலாம்! ஊகம் பிழையெனக் கண்டு விடையைச் செயலி விலக்கிவிடினும், கேஷில் தடயம் எஞ்சுகிறது. அதனைக் கால அளவால் கணித்தறிய இயலும்.

எல்1 கேஷினைப் பள்ளிச் சிறுவரின் எழுதுபலகையாகக் கொள்வோம். அடுத்தவரிடம் கொடுக்குமுன் துடைத்துவிட்டால் முன்னவர் எழுத்து தெரியாது. லினக்ஸின் கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசரில் இதற்கென ஓர் அமைப்புத் தெரிவு உண்டு: ஒவ்வொரு நுழைவிலும் துடைத்தல், தேவையெனத் தோன்றும் நுழைவில் மட்டும் துடைத்தல், துடையாதிருத்தல் என அது மூவகைப்படும்.

ஆயினும் ஹைப்பர்திரெடிங் இயங்கும் செயலியில், ஒரே கருவில் இரு இழைகள் ஒரே வேளையில் ஓடுகின்றன. ஒரு பலகையில் இருவர் ஒருசேர எழுதும்போது துடைப்பதால் பயன் என்ன? ஆதலின் ஹைப்பர்திரெடிங்கை நிறுத்த வேண்டும். அன்றேல் ஒரு கருவின் இரு இழைகளையும் ஒரே விருந்தினர்க்கு ஒதுக்க வேண்டும். பின்னதற்கான தெரிவு 2019இல் ஸென் 4.13 பதிப்பில் வந்தது. விருந்தினர் ஒருவரையொருவர் நோக்குவதை அது தடுக்கும். ஹைப்பர்வைசரின் சொந்தத் தரவு பற்றிய ஐயம் அதனால் முற்றும் தீராது.

லினக்ஸின் இயல்பமைப்போ, சிற்சில நுழைவுகளில் மட்டும் துடைத்து, ஹைப்பர்திரெடிங்கை ஓடவிட்டு, ஓர் எச்சரிக்கையைப் பதிவதோடு அமைகிறது. இதில் நமக்கு உடன்பாடில்லை. விரைவின் பயன் கணிப்பொறி உடையவர்க்கு. இடர் வாடகைக்கு இருப்பவர்க்கு. அவர் அவ்வெச்சரிக்கையைக் காண்பதுமில்லை. ஓபன்பிஎஸ்டி குழுவினர் 2018 ஜூன் மாதமே, இக்குறை வெளிவருமுன்னரே, ஹைப்பர்திரெடிங்கை இயல்பாக நிறுத்திவைத்தனர். விருந்தினர் அனைவரும் நம்பத்தக்க ஒரே நிறுவனத்தாராயின் அவ்வளவு இழப்பு வேண்டா என்பதும் உண்மையே. அயலார்க்கு இடமளிப்போர் 'எல்1டிஎஃப்' தெரிவினை 'ஃபுல், ஃபோர்ஸ்' என அமைத்தல் வேண்டும். அப்போது ஒவ்வொரு நுழைவிலும் துடைத்தல் நிகழும், ஹைப்பர்திரெடிங்கும் நிற்கும், இடையில் எவரும் அதனை மாற்றவியலாது.

நம் ஆய்வக மாணவர் இதனைத் தாமே சோதிக்கலாம். லினக்ஸ் கணிப்பொறியின் 'வல்னரபிலிட்டீஸ்' கோப்பகத்தில் 'எல்1டிஎஃப்' என்றொரு கோப்பு உண்டு. இக்குறையுள்ள செயலியாயின், காப்பு எந்நிலையில் உள்ளதென்பதை அதன் ஒரே வரி கூறிவிடும். அவ்வரியின் இறுதியில் 'எஸ்எம்டி வல்னரபிள்' என்றிருப்பின், பலகையில் இன்னும் இருவர் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.