பவர் போச்சு, கண் அதே கண்தான்

திருவொற்றியூருக்கும் கண்ணுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போனார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. ஒரு கண் காஞ்சியில் திரும்பியது, இன்னொன்று திருவாரூரில். அவ்வளவு தூரம் நடக்க இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. பதினைந்து நிமிஷத்தில் படிக்கிற பார்வையைக் கொடுக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டதாமே என்ற பேச்சு 2024 செப்டம்பரில் கிளம்பியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அது இன்னும் ஓயவில்லை. அதிகம் விசாரிப்பவர்கள், இருபது வயதுகளில் லேசிக் செய்து கண்ணாடியைத் தூக்கிப்போட்டுவிட்டு இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் நம்புவதையும் நடப்பதையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

“லேசிக் பண்ணியாச்சு, ஆயுசுக்கும் கண்ணாடி வேண்டாம்.”

லேசர் செதுக்கியது கண்ணின் முன்பக்கத்துக் கருவிழியை. நாற்பதுக்கு மேல் மக்கர் செய்வது அதற்குப் பின்னால், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ். சின்ன வயதில் அது நெகிழ்வாக இருக்கும். சுற்றியிருக்கும் தசை சுருங்கினால் லென்ஸ் புடைத்து, கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாக்கும். குழந்தைக்குப் பத்து டயாப்டருக்கு (பவரை அளக்கும் அலகு) மேல் இருக்கும் இந்தத் திறன், அறுபது வயதில் ஏறக்குறைய ஒன்றுக்கு இறங்கிவிடும். செய்தித்தாளை 40 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்கவே இரண்டரை டயாப்டர் வேண்டும். இதுதான் வெள்ளெழுத்து. லேசிக் செய்தவருக்கும் வரும், செய்யாதவருக்கும் வரும்.

இதில் கிட்டப்பார்வைக்காரர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. மைனஸ் மூன்று பவர் உள்ளவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டரில் எல்லாம் தெளிவு, எழுபது வயதிலும்கூட. காசிமேட்டில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வலைக்கண்ணியைப் பிரித்து முடிச்சுப் போடும் பெரியவருக்கு இருப்பது இந்தச் சலுகைதான். லேசிக் அதை விலையாக எடுத்துக்கொண்டு தூரப்பார்வையைக் கொடுக்கிறது. அதனால், செய்யாத தம்பி ஐம்பது வயதில் வெறுங்கண்ணால் மாத்திரை அட்டையைப் படிக்க, செய்த அண்ணன் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். “ஆபரேஷன் ஃபெயில்” என்று அவர் கோபப்படுவதில் நியாயமில்லை; முன்பே யாரும் சொல்லவில்லை என்று கோபப்பட்டால் நியாயம் உண்டு. கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற அவசரப்படும் பிள்ளையிடம் நாற்பதைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாதுதான். இருந்தாலும் பேசியாக வேண்டும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைத்துத் தரும் ஏற்பாடும் உண்டு. சுந்தரருக்கு நடந்ததுபோல, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு ஊர். மேஜை வேலைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் ஆழத்தைக் கணிக்கும் திறன் சற்றுக் குறையும் என்பதால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் கான்டாக்ட் லென்ஸில் ஒத்திகை பார்க்காமல் தலையாட்டக் கூடாது.

“சொட்டு விட்டால் வெள்ளெழுத்து குணமாகும்.”

ஆகாது. மருந்தின் பெயர் பைலோகார்பின். தென் அமெரிக்கச் செடி ஒன்றின் இலையிலிருந்து 1875இல் பிரிக்கப்பட்டது. கண் நீர் அழுத்த நோய்க்கு நூறாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வருகிறது. அது கண்பாவையைச் சுருக்கும். ஊசித் துளை வழியே பார்த்தால் மங்கலான எழுத்தும் கூர்மையாவதுபோல, சிறிய பாவை வழியே பார்க்கும்போது கிட்டமும் தூரமும் சேர்ந்து தெளிவடையும். லென்ஸ் இறுகியபடியேதான் இருக்கும். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கினால் எழுத்து பழையபடி மங்கும்.

அமெரிக்காவில் 1.25 சதவீத பைலோகார்பின் ‘வியூட்டி’ என்ற பெயரில் 2021 அக்டோபரில் அனுமதி பெற்றது. 40 முதல் 55 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த இரண்டு சோதனைகளில், மருந்து விட்டு மூன்று மணி நேரம் கழித்து, கிட்டத்தில் வைத்துப் படிக்கும் அட்டையில் மூன்று வரியாவது கூடுதலாகப் படித்தவர்கள் ஒன்றில் 31 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். மருந்தில்லாத சொட்டு விட்டவர்களிலேயே 8 சதவீதமும் 11 சதவீதமும் அப்படிப் படித்தார்கள். பலன் உண்மை. ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் அந்த அளவுக்கு முன்னேறவில்லை என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. 2025 ஜூலையில் அங்கே அனுமதி பெற்ற ‘விஸ்’ (மருந்து அசெக்ளிடின்) பத்து மணி நேரம் வரை வேலை செய்யும் என்கிறார்கள். அதுவும் கண்பாவையைச் சுருக்கும் வித்தைதான்.

“அரசாங்கம் தடை பண்ணிடுச்சு, அது விஷம்.”

நடந்தது வேறு. மும்பையைச் சேர்ந்த என்டாட் நிறுவனத்தின் ‘பிரஸ்வு’ என்ற சொட்டு மருந்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. டாக்டர் சீட்டுடன் மட்டும் விற்க வேண்டிய மருந்து அது. செப்டம்பர் முதல் வாரத்தில், படிக்கும் கண்ணாடியே வேண்டாம், பதினைந்து நிமிடத்தில் பலன் என்றெல்லாம் செய்திகள் பறந்தன; 345 ரூபாய் என்று விலையும் வந்துவிட்டது. அனுமதியில் இல்லாத விஷயங்களைச் சொல்லி விளம்பரம் செய்ததாகவும், சீட்டு மருந்தை மக்கள் தாங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளும் நிலை வரலாம் என்றும் கூறி, செப்டம்பர் 10 அன்று அனுமதியை மறு உத்தரவு வரும் வரை நிறுத்திவைத்தார்கள். விஷம் என்று யாரும் சொல்லவில்லை. கண்டிக்கப்பட்டது மருந்தல்ல, வாய். என் பார்வையில் அது சரியான கண்டிப்பு.

அந்தப் பரபரப்பின் எச்சமாக ஒரு ஆபத்தான யோசனை சுற்றுகிறது: அதே மருந்துதானே, தாத்தாவின் கண் அழுத்தச் சொட்டு வீட்டில் இருக்கிறதே, அதை விட்டுக்கொள்ளலாமே என்று. அழுத்த நோய்க்கான பாட்டிலில் வீரியம் பெரும்பாலும் கூடுதல். நெற்றிப்பொட்டு தெறிக்கும், கண் சிவக்கும், தூரம் மங்கும். தேன், விளக்கெண்ணெய் வகையறாவைப் பற்றி ஒரு வரி போதும்: கண்ணில் விடாதீர்கள்.

“ராத்திரி டிரைவருக்கு இது வரப்பிரசாதம்.”

கண்பாவையின் அகலம் பாதியானால் உள்ளே போகும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். பட்டப்பகலில் அது தெரியாது. இரவு இரண்டு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர் ஓட்டுபவருக்கு, விளக்கு எரியாத ஒரு சைக்கிளோ சாலை ஓரம் நிற்கும் லாரியின் பின்புறமோ தெரிவதும் தெரியாததும் அந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் வண்டி ஓட்டும்போதும் ஆபத்தான வேலை செய்யும்போதும் எச்சரிக்கை தேவை என்று மருந்தின் குறிப்புத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கப்பல் அடித்தளத்தில் இறங்குபவருக்கும் நைட் ஷிஃப்டில் ஃபவுண்டரியில் நிற்பவருக்கும் அது பொருந்தும்.

“பவர் ஜீரோ ஆயிடுச்சு, இனி இது நார்மல் கண்.”

இந்தப் பட்டியலில் நான் மிகவும் பயப்படுவது இந்த நம்பிக்கையைத்தான். சாதாரணக் கண்ணின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். மைனஸ் ஆறு பவர் உள்ள கண் 26 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்கும். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். ஓரங்களில் ஓட்டை விழவும், விழித்திரை விலகவும் வாய்ப்பு அதிகம். லேசிக் முன்பக்கத்தைச் சீவி பவரைச் சரிசெய்கிறது. பின்பக்கத்தின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூடக் குறைப்பதில்லை. கண்ணாடி கழன்றதும் வருடாந்திரப் பரிசோதனையும் கழன்றுவிடுகிறது. அங்கேதான் தொல்லை.

பைலோகார்பின் கண்பாவையை மட்டும் சுருக்குவதில்லை, லென்ஸைச் சுற்றிய தசையையும் இறுக்குகிறது. அந்த இழுப்பு விழித்திரையின் ஓரம் வரை போகலாம். விழித்திரை கிழிதலும் விலகலும் அரிதாக நேர்ந்திருக்கின்றன. மருந்தின் எச்சரிக்கையிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே லேசிக் செய்தவர் இந்தச் சொட்டைக் கேட்பதற்கு முன், பாவையை விரிக்கும் மருந்து போட்டு விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் சொல்ல வேண்டும். பைலோகார்பின் விட்டபின் கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் பறந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினதுபோல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான்.

“படிக்கிற கண்ணாடி போட ஆரம்பித்தால் கண் அதற்கு அடிமையாகிவிடும்.”

கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் வேகத்தில்தான் இறுகும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது கடந்த 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் கொழுந்து பறிப்பு, கொடுக்கப்படாதவர்களைவிட 21.7 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. வலை முடிச்சுக்கும் வெர்னியர் அளவுகோலுக்கும் இது பொருந்தாமல் போக என்ன காரணம்? ஆனால் ஒன்று: கிரைண்டர் முன்னால் படிக்கிற கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. சொட்டு விட்டுக்கொண்டாலும் தீப்பொறிக்கு மூடிய கண்ணாடி வேண்டும்.

லேசிக்குக்கு முந்தைய பவர் எழுதிய பழைய சீட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள். சொட்டைக் கேட்டு டாக்டரிடம் போகும்போது, உங்கள் கண் எவ்வளவு நீண்டது என்பதை அவர் ஊகிக்க அது உதவும். பின்னாளில் புரை வந்து உள்லென்ஸ் வைக்கும்போதும் அது தேவைப்படும். லேசர் செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணக்கைப் போட்டால் லென்ஸின் பவர் தப்பாகிவிடும். சீட்டு தொலைந்திருந்தாலும், “எனக்கு லேசிக் ஆகியிருக்கு” என்று கண்ணைக் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.